நான் எடுக்காத வீடியோ

எனக்கு ரொம்பப் பிடித்த பாடகர் ஒருவரின் புதுப்பாட்டு எது வந்தாலும் முதலில் கேட்பது நான்தான். என்னோடு வேலை பார்க்கும் மலருக்கு அவர் பாட்டுகளைப் பழக்கியதும் நான்தான். போன மாதம் காளவாசல் பக்கம் நடந்த அவர் கச்சேரிக்கு இருவரும் போனோம். பாடிக்கொண்டே கூட்டத்துக்குள் இறங்கி வந்தவர், மைக்கை மலரிடம் நீட்டினார்.

“வீடியோ எடுடி!” என்று தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு வரி பாடினாள். கூட்டமே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. போனைத் தூக்கிப் பிடித்தேனே தவிர, பட்டனை அழுத்தவில்லை.

“எடுத்தியா?”

“போன் ஹேங் ஆயிருச்சுடி.”

அவள் முகம் வாடியது. “விடு. நீ பாத்தேல்ல, அது போதும்.”

இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. ஆபீஸில் எல்லோரிடமும், “எம்புட்டு நல்லாப் பாடுனேன்னு இவகிட்டக் கேளுங்க” என்கிறாள். நன்றாகத்தான் பாடினாள் என்கிறேன். அது மட்டும் பொய்யில்லை.