மேயருக்குப் படிக்கத் தெரியுமா, லிந்தால்வாவைக் கேளுங்கள்

போசோ பிராவோவில் ஒருவர் செத்துப்போனால், லிந்தால்வா சொன்ன பிறகுதான் அது செல்லும். டாக்டர் எழுதிக் கொடுக்கலாம், பாதிரியார் மணியடிக்கலாம். கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கி கட்டிய அந்த வெள்ளை வேன் தெருவுக்குள் வந்து, "துயரச் செய்தி" என்று அவள் குரல் எழும்பும்வரை யாரும் கறுப்புச் சட்டையைத் தேட மாட்டார்கள்.

காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், யாரோ சொன்னதை நம்பி, கசாப்புக் கடைக்காரர் ஒருவரைக் காலமாகிவிட்டார் என்று அறிவித்துவிட்டாள். அந்த மனுஷன் கத்தியும் கையுமாகக் கடையை விட்டு இறங்கி வந்து, அடக்கம் எத்தனை மணிக்கு என்று அவளிடமே கேட்டார். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. அன்றிலிருந்து சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்து முகத்தைக் கண்டால்தான் மைக்கைத் தொடுவாள். ஆடு காணோம் என்று யாராவது வந்தால்கூட, அந்த வீட்டில் ஆடு என்று ஒன்று இருந்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவாள். சமையல் எரிவாயு வந்திருக்கிறது என்று அவள் சொன்னால் பெண்கள் உருளையை உருட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அப்படிப்பட்டவள் ஒரு பொய் சொன்னாள். மேயருக்காகச் சொன்னாள்.

மேயர் ஜெர்சீனோ ஒரு காலத்தில் வறட்சி மாதங்களில் தண்ணீர் லாரி ஓட்டியவர். வாக்கு இயந்திரத்தில் அவர் படத்துக்குக் கீழே இன்றைக்கும் 'தண்ணி லாரி ஜெர்சீனோ' என்றுதான் பெயர் வரும். மேடையேறினால் கல்லும் கரையும்படி பேசுவார். காகிதத்தை மட்டும் தொட மாட்டார். எதை நீட்டினாலும் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, கண்ணாடிய வீட்ல வெச்சுட்டு வந்துட்டேனே. என்ன விஷயம், நீயே வாயால சொல்லிடு" என்பார்.

முதல் தேர்தலின்போது எதிர்க்கட்சிக்காரர் மருந்துக்கடை ஒத்தோனியேல் நடு மேடையில் ஒரு துண்டுச்சீட்டை நீட்டி, படி பார்க்கலாம் என்றார். ஜெர்சீனோ கூட்டத்தைப் பார்த்து, "நான் பேப்பர் படிக்கற ஆளில்ல, உங்க மூஞ்சியப் படிக்கற ஆளு" என்றார். கூட்டம் தொப்பியைத் தூக்கிப் போட்டது. ஜெயித்தும் விட்டார். அடுத்த வருடம் பள்ளிக்கூடத் திறப்பு விழாவில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். அந்தப் படம் எல்லாக் கைப்பேசிக்கும் போனது. படித்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சந்தையில் கோழி விற்பவர்களும், கட்டைவிரல் உருட்டி ஓட்டுப் போடுகிறவர்களும், "பாரு, நம்ம மாதிரியே ஒருத்தர்" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள்.

தெரியுமா, தெரியாதா? முடிவெட்டும் கடையில் கால்பந்துக்கு அடுத்தபடி இதுதான் பேச்சு. பெரிய எழுத்து தெரியும், சின்ன எழுத்து தெரியாது என்று ஒரு கட்சி. படிப்பார், ஆனால் படித்தது மண்டையில் ஏறாது என்று இன்னொரு கட்சி. கேட்பவர்களிடமெல்லாம் லிந்தால்வா வாயைப் பூட்டிக்கொண்டாள். அவளுக்கு மட்டும்தான் உண்மை தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் தினமும் காலையில் அவள்தான் அவருக்குப் படித்துக் காட்டுவாள். அவர் அவளுடைய மகளுக்கு ஞானத்தந்தை. அதனால் அவருக்கு இவள் கொமாத்ரி, இவளுக்கு அவர் கொம்பாத்ரி. கூடப் பிறந்தவர்களைவிட நெருக்கமான உறவு அது. அவர் வீட்டு அடுக்களையில், இவள் அவித்துக் கொடுத்த சோளப் புட்டைப் பாலில் பிசைந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவள் செய்தித்தாளையும் அலுவலகக் காகிதங்களையும் உரக்கப் படிப்பாள். வசவு வரும் இடங்களைத் தாண்டிவிடுவாள். 'மரமண்டை மேயர்' என்று அச்சடித்திருந்தால் 'மதிப்புக்குரிய மேயர்' என்று படிப்பாள். அவர் புட்டை மென்றபடி, "ம், மரியாதையா எழுதியிருக்கான்" என்று தலையாட்டுவார். அவள் மனம் அப்படியே இளகிப்போகும்.

ஜனங்கள் கொடுக்கும் மனுக்களை மட்டும் அவர் தனியே வாங்கி வைத்துக்கொள்வார். "அதெல்லாம் கண்ணாடி போட்டு நானே பாக்கறேன் கொமாத்ரி." கட்டு கட்டாக அவை படுக்கையறை அலமாரிக்குள் போகும். பாவம், ரோஷக்கார மனுஷன் என்று லிந்தால்வா வற்புறுத்த மாட்டாள். மனு கொடுத்தவர்கள் வந்து கேட்டால், "அவருக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்ல, பொறுத்துக்கங்க" என்பாள். அவர்களும் கண் சிமிட்டிவிட்டுப் பொறுத்துக்கொள்வார்கள். எழுத்து தெரியாதவரிடம் போய் ஏன் மனுவுக்குப் பதில் இல்லை என்று யார் கேட்பது?

எங்கள் நாட்டில் எழுத்தறியாதவர் ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கக் கூடாது. முதல் தடவை ஏதோ பள்ளிச் சான்றிதழைக் காட்டித் தப்பித்துவிட்டார் என்று ஊர் நினைத்தது. இரண்டாம் முறை அவர் நின்றபோது ஒத்தோனியேல் சும்மா இருக்கவில்லை. சான்றிதழே பொய், ஆளுக்கு அட்சரம் தெரியாது என்று தேர்தல் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். நேரில் வந்து படித்துக் காட்டு என்று ஜட்ஜம்மாவிடமிருந்து ஆணை வந்தது.

அந்தச் சனிக்கிழமை சந்தையில், பப்பாளிக் குவியலுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தி, ரொட்டிக்கடை விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்த லிந்தால்வாவிடம் ஒத்தோனியேல் வந்தார்.

"ஏம்மா லிந்தால்வா, நீதான் கண்ணால பாக்காம எதையும் சொல்ல மாட்டியே. சொல்லு பாப்போம், உங்க மேயர் படிச்சு நீ பாத்திருக்கியா?"

"எனக்கு வேலை இருக்கு ஒத்தோனியேல் ஐயா."

"வேலை இருக்கா, வார்த்தை இல்லையா? தினம் காலைல போய் அந்தக் குழந்தைக்குப் புட்டு ஊட்டறதுக்கு மட்டும் நேரம் இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லிந்தால்வாவுக்குச் சுர்ரென்று ஏறியது. மைக் கையில் இருக்கிறது, அணைக்கவில்லை என்பதுகூட நினைவில்லை.

"பாத்திருக்கேன்! இந்த ரெண்டு கண்ணால பாத்திருக்கேன்! உங்க கடை மாத்திரைப் பெட்டில பொடி எழுத்துல போட்டிருப்பீங்களே, அதக்கூட படிப்பார்!"

சந்தை முழுக்க அது கேட்டது. ஆரவாரம் அடங்கியதும் ஒத்தோனியேல் நிதானமாகச் சொன்னார்: "நல்லது. அவர் ஜட்ஜம்மா முன்னாடி முழிச்சார்னா, அப்புறம் இந்த ஊர்ல யார் செத்தாலும் சொல்றதுக்கு வேற வண்டிதான் கூட்டிட்டு வரணும்."

அன்றிரவு அவள் தூங்கவில்லை. பதவி போனால் ஜெர்சீனோ மறுபடி லாரி ஓட்டுவார். வார்த்தை போனால் இவள் எதை ஓட்டுவது? யாரும் நம்பாத குரலைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் என்ன செய்வது?

மறுநாளே பாடம் ஆரம்பித்தது. சோளமாவுப் பொட்டலத்தை எடுத்து, படத்தை விரலால் மறைத்துக்கொண்டு, "இது என்ன எழுதியிருக்கு கொம்பாத்ரி?" என்றாள்.

அவர் கண்ணை இடுக்கினார். "சோப்பு?"

"அட மரியாவே! சோப்பையா நான் தினமும் உங்களுக்கு அவிச்சுப் போடறேன்?"

"கோச்சுக்காத. வேற ஒண்ணு காட்டு."

உப்புப் பொட்டலம் சிமெண்டு ஆனது. காப்பித்தூள் எலிமருந்து ஆனது. லிந்தால்வா கண்களைக் காக்கும் சாந்தா லூசியாவிடம் வேண்டிக்கொண்டாள்: இந்த மனுஷன் தேறுகிறவரை காப்பி குடிக்க மாட்டேன் தாயே. காப்பி இல்லாமல் மண்டை பிளந்தது. அந்த வாரம் அவள் அறிவிப்புகளைக் கேட்டவர்கள், பேக்கரியில் கேக் விற்கிறார்களா, அடக்கம் நடக்கிறதா என்று குழம்பினார்கள்.

விசாரணை நாளன்று நீதிமன்றக் கூடம் பிதுங்கி வழிந்தது. ஜன்னல்களிலும் தலைகள். வெளியே இரண்டு கட்சியும் வாணவெடியோடு தயாராக நின்றன. ஜட்ஜம்மா இளவயதுக்காரர், தலைநகரிலிருந்து வந்தவர், சிரிக்கவே கூடாது என்று உறுதி எடுத்த முகம். பாடப்புத்தகப் பக்கம் ஏதாவது கொடுப்பார் என்று லிந்தால்வா நினைத்திருந்தாள். அவரோ ஒத்தோனியேலின் புகாரோடு இணைத்திருந்த ஒரு காகிதத்தை உருவினார். பள்ளத்துத் தெருக்காரர்கள் மேயருக்கு எழுதிய மனுவின் நகல். படிக்கத் தெரியாததால்தான் இதற்குப் பதில் வரவில்லை என்று நிரூபிக்க ஒத்தோனியேல் கொடுத்திருந்தது.

"இதைப் படியுங்கள். பிறகு என்ன புரிந்தது என்று சொல்லுங்கள்."

ஜெர்சீனோ எழுந்தார். சட்டைப் பையைத் தட்டினார். லிந்தால்வா கண்ணை மூடிக்கொண்டு சாந்தா லூசியாவைக் கூப்பிட்டாள். கண்ணைத் திறந்தபோது மேயரின் மூக்கின்மேல் ஒரு கண்ணாடி உட்கார்ந்திருந்தது.

படித்தார். தடங்கலே இல்லாமல் படித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை ஏற்றி இறக்கிப் படித்ததில் வானொலியில் செய்தி வாசிப்பவரே தோற்றார். பள்ளத்துத் தெருவில் அடிபம்பு உடைந்து கிடக்கிறது, பெண்கள் குடத்தோடு மலையடிவாரம்வரை நடக்கிறோம், தண்ணீர் லாரி ஓட்டிய தங்களுக்கு எங்கள் தாகம் தெரியும்.

"என்ன புரிந்தது?" என்றார் ஜட்ஜம்மா.

"பம்பு வேணும்னு கேக்கறாங்க ஜட்ஜம்மா. புதுசு வேண்டாம், பழையத ரிப்பேர் பண்ணினாலே போதும்கறாங்க." கூட்டத்தைப் பார்த்து ஒரு புன்னகை. புகழுக்கு ஏங்கும் மனசு அந்த இடத்தில் நிற்க வேண்டியதுதானே? நிற்கவில்லை. "இதே தெரு போன வருஷமும் எழுதிச்சு. அது இதைவிட நல்லா இருந்துச்சு. கையெழுத்தே முத்து முத்தா இருக்கும். குடம் தூக்கித் தூக்கி இடுப்புல தழும்பு விழுந்துருச்சுன்னு ஒரு வரி வரும், படிக்கறப்போ கண்ணே கலங்கிடும்."

ஜட்ஜம்மா தலையசைத்து, புகார் தள்ளுபடி என்றார். வெளியே வெடிகள் கிளம்பின. கூடத்துக்குள் கைதட்டல் எழுந்து, ஏனோ பாதியிலேயே தேய்ந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து பள்ளத்துத் தெரு ஜூசீரா எழுந்தாள்.

"போன வருஷம் எழுதினது நான்தான்" என்றாள். "அப்ப நீங்க படிச்சீங்களா?"

ஜெர்சீனோ வெடிச்சத்தத்தில் கேளாதவர்போல் வெளியே நடந்தார்.

நடைகூடத்தில் லிந்தால்வா அவரைப் பிடித்தாள். "எப்பத்துலேர்ந்து கொம்பாத்ரி?"

"எது?"

"படிக்கறது."

"ஏழு வயசுலேர்ந்து." அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உன் மூஞ்சியப் பாக்கணுமே! சோப்புன்னு சொன்னப்போ அழுதே போயிட்டியே கொமாத்ரி. அவ்வளவு அக்கறையா சொல்லிக் குடுத்தே, கெடுக்க மனசு வரல."

"தினமும் காலைல நான் வந்து படிச்சது?"

"உன் குரல்ல கேக்கறதுக்கு நல்லா இருக்கும். 'மதிப்புக்குரிய மேயர்'!" மறுபடி சிரித்தார். "நீ போனப்புறம் பேப்பர எடுத்து, இன்னிக்கு எத முழுங்கினேன்னு தேடிப் பாப்பேன். நமக்குள்ள என்ன, சொல்றேன் கேளு. படிக்கத் தெரியாதவன்கிட்ட எவனும் கணக்குக் கேக்க மாட்டான். நம்மாளுன்னு ஓட்டும் போடுவான், மனுவுக்குப் பதிலும் கேக்க மாட்டான். இதுக்கு மேல என்ன வேணும்? போ, வண்டிய எடு. மேயர் ஜெயிச்சாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வா. உன் வார்த்தையும் பொழச்சுது, பாத்தியா?"

பிழைத்தது உண்மைதான். சந்தையில் அவள் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. ஒத்தோனியேல்கூடத் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வழிவிட்டார். லிந்தால்வாவுக்குத்தான் அவமானம் தாங்கவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று அவள் விழுங்கிய ஒவ்வொரு வசவையும் அவர் பிறகு தேடிப் படித்துச் சிரித்திருக்கிறார். அவருக்காக அவள் எத்தனை பேரிடம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். அத்தனை பேரும் அவள் சொல்லுக்காகத்தான் பொறுத்தார்கள். வேனுக்குள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு மைக்கை எடுத்து, துயரச் செய்திக்கு வைக்கும் அதே நிதானமான குரலில் ஆரம்பித்தாள்.

"போசோ பிராவோ மக்களே, கவனிக்கவும். நம் மேயர் ஜெர்சீனோவுக்குப் படிக்கத் தெரியும். நான் நேரில் பார்த்தேன். நன்றாகப் படிக்கிறார், படிப்பது நன்றாகப் புரிகிறது. ஏழு வயதிலிருந்து படிக்கிறார். ஆகவே, நீங்கள் இதுவரை கொடுத்த மனுக்கள் எல்லாம் அவர் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. பதில் வராதவர்கள் நேரில் சென்று விசாரித்துக்கொள்ளலாம்."

சந்தைத் தெருவில் சொன்னாள். கோயில் தெருவில் சொன்னாள். பள்ளத்துத் தெருவில் வண்டியை நிறுத்தி இருமுறை சொன்னாள். பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். சொன்னது லிந்தால்வா என்பதால் யாரும் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கிளம்பினார்கள்.

அவள் நான்காவது தெருவுக்குத் திரும்பும்போது ஜெர்சீனோ வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார். மேயர் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை.

"நிறுத்து கொமாத்ரி! என் வீட்டு வாசல்ல ஊரே நிக்குது! என்ன காரியம் பண்றே? தேர்தலுக்கு மூணு வாரம்கூட இல்ல!"

"நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?"

"ஜெயிச்சதச் சொல்லச் சொன்னேன்! இதையா?"

"இதுல எது பொய்னு சொல்லுங்க, மாத்திச் சொல்லிடறேன்."

அவர் மறு கையால் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். லிந்தால்வா கதவிலிருந்து அவர் கையை மெல்ல எடுத்துவிட்டு, வண்டியை மேலத் தெருவுக்கு ஓட்டினாள்.