தேய்ந்த பட்டையின் நகல்

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் பானுப்பிரியா முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். கல்யாண வீட்டில் கொடுக்கும் சின்னக் கிண்ணம், ஆஸ்பத்திரி நாற்காலி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரயில் பொம்மை, எதுவும் தப்பாது. அச்சு எந்த இடத்தில் பிரிந்தது, பிளாஸ்டிக் எந்தத் துளை வழியாக உள்ளே போனது என்று விரலால் தடவித் தேடுவாள். முத்தாபுதுப்பேட்டையில் அவள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபியைக் குடித்து முடிக்கும்வரை டம்ளரைக் கீழே வைப்பதில்லை.

அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். அப்பா வீராசாமி அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்குச் சரக்கு ஏற்றியவர். மெக்கானிக்கல் படித்துவிட்டு அவளும் அதே எஸ்டேட்டுக்கே வேலைக்குப் போனாள், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் தரச்சோதனைப் பிரிவுக்கு. வரைபடத்திலுள்ள அளவும் பாகமும் ஒத்துப்போனால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. ஒன்பது வருடம் ஒட்டினாள். இந்த அளவு ஏன் இந்த அளவாக இருக்க வேண்டும் என்று ஒருமுறை மேலாளரிடம் கேட்டாள்.

“அது உனக்கு எதுக்கும்மா?” என்றார் அவர்.

எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்துகொண்டால் என்ன செய்யப்போகிறோம் என்றுகூட யோசித்துப் பார்த்தாள். ஆனாலும் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை.

முகப்பேரில் ஜமீலா மாவுக்கடை நடத்துகிறாள். அடுக்குமாடி வீடுகளுக்கு நாளெல்லாம் இட்லி மாவு போகும். அங்கே மாவு வாங்கப் போனபோதுதான் மேசைமேல் கிடந்த அந்தப் பட்டையைப் பானு பார்த்தாள். பெரிய கிரைண்டரின் தொட்டி சுழலும்போது சுவரில் ஒட்டும் மாவை வழித்துக் கல்லுக்கு அடியில் தள்ளுகிற, ஒரு முழம் நீளப் பிளாஸ்டிக் துண்டு. வழக்கம்போல் கவிழ்த்துப் பார்த்தாள்.

“அத இன்னாத்துக்குப் பாக்குற? கம்பெனியே மூடிட்டான்,” என்றாள் ஜமீலா. “இங்கேர்ந்து ஆவடி வரைக்கும் இந்த கிரைண்டர வெச்சிக்கினு அறுபது கடைக்காரங்க, புதுப் பட்டை கெடைக்காம ஒரே வாட்ஸ்அப் குரூப்புல அழுதுகினு கீறோம்.”

“நான் செஞ்சு தரட்டா அக்கா?”

“செய். ஓடிச்சின்னா குரூப்புல நானே போடுறேன். ஓடலைன்னா அதையும் நானேதான் போடுவேன்.”

பானு கம்பெனியில் ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். அதற்குள் பட்டை வேலை செய்தால் ராஜினாமா. செய்யாவிட்டால் மறுபடியும் பச்சை, சிவப்பு.

“மாசம் பொறந்தா கைக்கு வர்ற சம்பளத்த உட்டுட்டு மாவு வழிக்கப் போறியா?” என்றார் வீராசாமி. தெருவில் எல்லோரிடமும் மகள் கம்பெனி இன்ஜினியர் என்று சொல்லிவைத்தவர் அவர்.

வாடகைக்கு ஒரு ஸ்கேனர் எடுத்து, பட்டையை எல்லாப் பக்கமும் படம் பிடித்தாள். கணினியில் வடிவம் முடி பிசகாமல் வந்து நின்றது. திருமுல்லைவாயிலில் கணினி சொல்லும் கோட்டில் பலகை அறுக்கும் இயந்திரம் வைத்திருந்த நிர்மலிடம் கோப்பைக் கொடுத்தாள். உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்ற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் அவன் ஆறு பட்டைகள் அறுத்தான். வெர்னியர் அளவுகோலால் அளந்தாள். பழையதற்கும் புதியதற்கும் காகிதக் கனம்கூட வித்தியாசமில்லை. தனக்குத் தானே ஆறு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை ஜமீலாவின் கடையில் பட்டையை மாட்டி அரிசியைப் போட்டார்கள். கால்மணி நேரத்தில் தொட்டியின் சுவரெங்கும் மாவு அப்பிக்கொண்டது. உள்ளே அரிசி அரையாமல் நெறுநெறுத்தது.

“அச்சு அசலா பழசு மாதிரியே கீது பானு,” என்றாள் ஜமீலா. “பழசு மாதிரியே வேலையும் செய்யல.”

கிரைண்டர் கழுவும் பொன்னியம்மா சிரித்துவிட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தத் தொட்டிகளைப் பதினோரு வருடமாகக் கழுவுகிறவள். “தேஞ்சு போனத குடுத்தா தேஞ்சு போனததான செய்யும் மெசினு? இன்ஜினியரம்மா அத பாக்கலியா?”

பானுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒன்பது வருடம் கையில் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தே பழகியவள், கொடுத்ததே சரியா என்று கேட்க மறந்திருந்தாள். கேட்கத் தெரியும் என்றல்லவா இத்தனை நாள் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள்?

“புதுசுல எப்படி இருந்துச்சுக்கா?” என்று பொன்னியம்மாவிடமே கேட்டாள்.

“சுவத்துக்கும் பட்டைக்கும் நடுவுல பால் கவர் கூட நுழையாது. இப்ப என் சுண்டுவெரலே போவுது.”

பானு பழைய பட்டையை மறுபடி எடுத்தாள். மாவு எட்டாத மேல்நுனியில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் விளிம்பு தேயாமல் நேராக இருந்தது. அதைப் பிடித்துக் கீழ்வரை ஒரு கோடு இழுத்தால் பழைய உருவம் கிடைத்துவிடும். ஆனால் அதுவும் ஒருநாள் தேயுமே? திருகாணி போகும் வட்டத் துளைகளை நீளத் துளைகளாக மாற்றினாள். தேயத் தேயப் பட்டையைச் சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். கடைசி அளவு பார்க்க அவள் கொண்டுபோனது வெர்னியர் இல்லை, ஒரு பால் கவர்.

விடுப்பு முடிய நான்கு நாள் இருக்கும்போது, புதுப் பட்டையை மாட்டி அரைத்ததில் தொட்டிச் சுவர் பளிச்சென்று தெரிந்தது. ஜமீலா அதைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டாள். அன்று மாலைக்குள் பதினாறு கடைகள் கேட்டன. பானு ராஜினாமாக் கடிதத்தை அனுப்பினாள்.

பொன்னியம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அன்றே கேட்டாள்.

“இந்த மாவு அள்ற கரண்டிக்கு ஒரு புடி செஞ்சு குடு. வெரலு மடங்க மாட்டேங்குது.”

“அடுத்த வாரம் தந்துடுறேன்கா.”

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஓடிவிட்டது. கணினியில் அந்தப் பிடியின் கோப்புக்கு இப்போது ஏழாவது எண். முதலாவது தடித்துவிட்டது. மூன்றாவது ஈரத்தில் வழுக்கியது. ஐந்தாவது காலையில் கைக்குள் அடங்கியது, மதியம் விரல் வீங்கியதும் அடங்கவில்லை. எந்த நேரத்துக் கையை அளப்பது, எவ்வளவு இடம் விடுவது என்று பானுவுக்கு இன்னும் பிடிபடவில்லை. இதற்குள் நூற்று நாற்பது பட்டைகள் போய்விட்டன.

“அடுத்த வாரம் எப்பம்மா வரும்?” என்று பொன்னியம்மா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். கரண்டியில் பழைய துணியைச் சுற்றிக் கட்டித்தான் மாவு அள்ளுகிறாள். பிடியைப் பானு இன்னும் கொடுத்தபாடில்லை.