பூசையில் வைத்த கைப்பிடி

2021 ஜூலை 10, 11: பாதுகாப்பு வகுப்பு. 265 டொலர்.
2021 செப்டெம்பர் 3: சுடுகழகச் சந்தா. 340 டொலர்.
2022 ஜூன் 11: ரிவோல்வர், பழையது. 825 டொலர், வரி வேறு.
2022 ஓகஸ்ட் 27: வால்நட் பலகைத் துண்டு. 0 டொலர்.
2022 ஒக்டோபர் 4: பித்தளை ஸ்குரூ ஒன்று. 2 டொலர் 10 சதம்.

சிவமலர் துவக்கு வாங்கியிருக்கிறாவாம் என்ற கதை கோயில் அன்னதான வரிசையில் முதலில் அடிபட்டபோது கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், வெட்டிய உலோகத்தின் ஓரப் பிசிறுகளை அரத்தால் நீவி எடுப்பது வேலை. பஸ்ஸில் முழு இருக்கை கிடைத்தாலும் ஒதுங்கிப் பாதியில்தான் இருப்பார். நம்பிய மற்றப் பாதிப்பேர், கணவர் வசீகரனோடு ஏதோ பெரிய சண்டை என்று முடிவுகட்டினார்கள்.

சண்டை ஒன்றும் இல்லை. கூட வேலை செய்யும் மொனிக் என்ற பெண் ஒரு சனிக்கிழமை சிவமலரைத் தன்னுடைய சுடுகழகத்துக்கு விருந்தாளியாகக் கூட்டிப்போனார். அட்டையில் வட்டம் கீறி அதைக் குறிபார்த்துச் சுடுகிற இடம். முதல் வெடி கேட்டதும் சிவமலர் நிலத்தில் குந்திவிட்டார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த உடம்பு, சத்தம் கேட்டால் முழங்கால் தானாக மடியும். மொனிக் பதறிப்போய், போய்விடுவோமா என்று கேட்டார். சிவமலர் எழும்பிச் சட்டையைத் தட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் நிற்கிறேன் என்றார். ஐந்தாவது வெடிக்கும் கால் மடிந்தது. பிறகு எப்போதோ மடியாமல் நின்றது. அதை அவரே பிந்தித்தான் கவனித்தார்.

அன்று பக்கத்து மேசைக்காரர் ஒருவர் தன் பழைய பாணி ரிவோல்வரைக் காட்டினார். அதில் ஒவ்வொரு வெடிக்கும் முன்னர் பின்பக்கத்துச் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து வைக்கவேண்டும். இழுக்காமல் விசையை எவ்வளவு அமத்தினாலும் ஒன்றும் நடக்காது. சிவமலருக்கு அந்தக் குணம் பிடித்துவிட்டது.

“நான் சொன்னால்தான் அது கேக்குது,” என்று வீட்டுக்கு வந்து மகள் வினோஜாவிடம் சொன்னார். “தானாக ஒண்டும் செய்யாது.”

“அப்பாவை விட நல்லது,” என்றாள் வினோஜா.

வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார். கைத்துவக்கு உரிமத்துக்கான விண்ணப்பத்தில் கூட வாழ்பவரும் ஒப்பமிட ஓர் இடம் இருந்தது. அங்கேதான் வசீகரன் வந்தார்.

“உமக்கென்ன விசரே?” என்று கேட்டார். “துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப நாங்களே காசு குடுத்து வாங்கிறதே?”

“ஓம். இனிப் பயப்பிடாமல் இருக்கத்தான்.”

வசீகரன் மொன்ட்ரியால்-நோரில் குசினி அலுமாரி செய்யும் பட்டறையில் வேலை செய்பவர். துவக்கோடு வந்தவர்கள் அவருடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு போன நாளைப் பற்றி அவர் வீட்டில் கதைப்பதில்லை. சிவமலருக்கு அது தெரியும். அதனால் அவர் வற்புறுத்தவில்லை. விண்ணப்பத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தார். அதைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் ஐந்து கிழமையாக அதே கதவைத் திறந்து பால் எடுத்தார். ஒருநாள் காலையில் வசீகரனின் ஒப்பம் விழுந்திருந்தது.

“ஆனா ஒண்டு,” என்றார் வசீகரன், தேத்தண்ணீரைப் பார்த்தபடி. “உந்த இரும்பு என்ர கண்ணிலயும் படக்கூடாது, கையிலயும் படக்கூடாது.”

“சரி.”

அடுத்த வசந்தத்தில் உரிமம் வந்தது. மே முடிவில், கைத்துவக்கு வாங்குவதையும் விற்பதையும் அரசாங்கம் நிறுத்தப்போகிறது என்ற செய்தியும் வந்தது. எந்த நாளிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. இலையுதிர் காலம் என்றார்கள் சிலர், நாளைக்கே என்றார்கள் சிலர். அஹுன்ட்சிக்கில் ரெஜான் என்ற கியூபெக்காரர் நடத்தும் துவக்குக் கடையில் சனம் முட்டிமோதியது. அந்த நெரிசலுக்குள் சிவமலர் தான் தேடிய மாதிரியில் கடையில் மிஞ்சியிருந்த ஒரேயொரு ரிவோல்வரை வாங்கினார். பதிவு அவருடைய பெயருக்கு மாறும்வரை அது கடையின் இரும்புப் பெட்டியிலேயே இருக்கவேண்டும். மாறுவதற்கு முன்னர் தடை வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று ரெஜானிடம் கேட்டார்.

“மடாம், அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்,” என்றார் ரெஜான். “இதை விட்டால் இனி ஒன்று கிடைக்காது, அது மட்டும் நிச்சயம்.”

வேறொரு சங்கடமும் இருந்தது. கைப்பிடி ஓர் ஆம்பிளையின் கைக்குச் செய்தது. சிவமலரின் கட்டைவிரல் சுத்தியலுக்கு எட்டவில்லை. எட்டவைக்கக் கையை நகர்த்தினால் குழல் மேலே எழும்பியது. கழகத்தில் அப்படி எழும்பினால் உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள். ரெஜான் ஒரு ஸ்குரூவைக் கழற்றி, இரண்டு பக்கத்து மரப்பலகைகளையும் எடுத்து, அந்த ஸ்குரூவோடு ஒரு மூலைக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தார். “மரத்துக்குச் சட்டம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், இதைப் பார்த்து உங்கள் கைக்கு ஏற்றதாக ஒரு சோடி செய்வியுங்கள்.”

பலகைகள் குசினி மேசையில் கிடந்தன. வசீகரன் முதல் நாள் பார்க்காதமாதிரிப் போனார். இரண்டாம் நாள் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“உதென்ன மரம்?”

“அந்தத் துவக்கின்ர பிடி.”

“மூடர். குறுக்கு நாரில வெட்டியிருக்கிறாங்கள். கெதியில வெடிக்கும்.”

வசீகரன் ஓகஸ்ட் கடைசியில் பட்டறையில் மிஞ்சிய வால்நட் துண்டோடு வந்து நிலவறையில் ஒரு வாரம் இருந்தார். மேலே கொண்டு வந்தபோது வினோஜாவே வாயைப் பிளந்தாள். வண்டில் மையைப் போலக் கறுத்து மினுங்கும் மரம், ஓரத்தில் மெல்லிய மாங்காய்க் கோலம். சிவமலர் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தார். பழையதைவிடத் தடிப்பு. விரல் இன்னும் தூரத்தில் நின்றது.

“பழகினால் சரிவரும்,” என்றார் வசீகரன்.

“ஓம், பழகிப் பாக்கிறன்,” என்றார் சிவமலர். அவ்வளவு வடிவான ஒன்றைச் செய்தவரிடம் வேறு என்ன சொல்வது?

நவராத்திரி வந்தது. சிவமலருக்கு ஓர் ஆசை. ரெஜானுக்குத் தொலைபேசி எடுத்து, எங்களுக்கு ஒரு பூசை இருக்கிறது, கருவிகளைச் சாமிக்கு முன்னால் வைப்போம், ஒக்டோபர் நாலுக்கு முன்னர் பதிவு முடிந்தால் ரிவோல்வரைக் கோயிலுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்.

“மடாம், வீடு, கழகம், அவ்வளவுதான். வழியில் கோப்பிக் கடைக்குக்கூட இல்லை. கோயிலுக்குக் கொண்டுபோனால் சாமி வருகிறதோ இல்லையோ, பொலிஸ் வரும்.”

ஆகவே சிவமலர் இரும்பை விட்டு மரத்தை வைத்தார். உடுப்பு அலுமாரியின் கதவைக் கழற்றிச் செய்த வீட்டுச் சாமியறையில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், பழைய பிடி இரண்டும் வால்நட் பிடி இரண்டும், ஸ்குரூ ஒன்றும். பக்கத்தில் வசீகரனின் உளி, அரம், சீவுளி. வினோஜாவின் மடிக்கணினி. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. விஜயதசமி விடியும்வரை ஒன்றையும் தொடக்கூடாது.

நாலாம் திகதி காலை பத்து மணிபோல ரெஜான் தொலைபேசி எடுத்தார். பழைய பதிவில் குழலின் நீளம் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. சரிபார்க்கும் அலுவலர் ரிவோல்வரின் முழுப் படம் கேட்கிறார். நாலரைக்குள் அனுப்பினால் இன்றைக்கே முடித்துவிடுவாராம். நாளையிலிருந்து அவருக்கு இரண்டு கிழமை விடுமுறை.

“பிடி இல்லாமல் படம் எடுக்க ஏலாதா?” என்று சிவமலர் பிரெஞ்சில் கேட்டார்.

“உள்ளே வில்தகடு தெரியும். இது முழுத் துவக்கா, உதிரியா என்று திருப்பிக் கேட்பார். இந்த மாதிரிக்கு வேறு பிடியும் என்னிடம் இல்லை. அந்த மரத்தைக் கொண்டு வாருங்கள், ஐந்து நிமிட வேலை.”

சிவமலர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சாமியறையைப் பார்த்தார்.

“ஜஸ்ட் மரம்தானே, அம்மா,” என்றாள் வினோஜா. “எடுத்திட்டுப் பேந்து வையுங்கோவன். சரஸ்வதி என்ன, கமரா பூட்டி வைச்சிருக்கிறாவே?”

“கும்பிட்டு வைச்சதைத் தேவையெண்டவுடன பறிக்கிறதெண்டால், பிறகு என்னத்துக்குப் பிள்ளை கும்பிடுறது?”

“அப்ப துவக்கு?”

“இல்லையெண்டால் இல்லை.”

ஒரு வருடத்துக்கு மேலாக எந்தக் கதவுக்கும் முன்னால் பொறுத்து நின்ற மனுசி அதைச் சொன்னபோது குரல் அசையவில்லை. ஆனால் மடியில் வைத்திருந்த வலது கையின் கட்டைவிரல் மட்டும், இல்லாத ஒரு சுத்தியலை இழுப்பதுபோல மெல்ல மடிந்து விரிந்தது. வசீகரன் அதைக் கண்டார். எழும்பிக் கார்த் திறப்பை எடுத்தார்.

“வெளிக்கிடும்.”

“எங்க?”

“கடைக்கு. காரில மேப்பிள் துண்டு ஒண்டு கிடக்கு.”

“இஞ்சருங்கோ, உங்கட ஆயுதமெல்லாம் சாமிக்கு முன்னாலயெல்லே?”

“அந்தாளிட்ட அரம் இல்லையே?”

“இண்டைக்கு வேலை செய்யக்கூடாதே.”

“என்ர ஆயுதம் வேலை செய்யக்கூடாது. அந்தாளின்ர ஆயுதத்துக்கு என்ன? அதுக்குப் பூசையும் இல்லை, பொட்டும் இல்லை.”

“அப்பா, நீங்கள் லோயருக்குப் படிச்சிருக்கலாம்,” என்றாள் வினோஜா.

கடையின் பின்னறையில் ரெஜான் தன் மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். வசீகரன் வாசலிலேயே சொல்லிவிட்டார்: “இரும்பை நான் தொடமாட்டன்.” ஆகவே சிவமலர் ரிவோல்வரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வசீகரன் மரத்தை நீட்டுவார், சிவமலர் அதை இரும்போடு வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறுவார், வசீகரன் வாங்கி அறுப்பார். பார்த்துச் செய்யப் பழைய பிடி இல்லை. உருவம் சரியாக வந்ததும் எவ்வளவு தடிப்பு விடுவது என்று தெரியாமல் வசீகரன் நின்றார்.

“கையைத் தாரும்,” என்றார்.

சிவமலர் நீட்டினார். வசீகரன் உள்ளங்கையைத் திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்தார். கட்டைவிரலின் அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காய்ப்பு.

“இது எப்ப வந்தது?”

“ஆருக்குத் தெரியும். அரம் பிடிக்கிற கையெல்லே. கனகாலம்.”

“சொல்லேல்லை நீர்.”

“நீங்கள் கேக்கேல்லை.”

வசீகரன் அந்தக் காய்ப்பு படியும் இடத்தில் மரத்தைக் குழிவாக அரத்தால் வழித்தார். பிடித்துப் பாரும், கொஞ்சம் கூட, இப்ப பாரும், இன்னும் கொஞ்சம் என்று தட்டையாக்கிக்கொண்டே போனார். மாங்காய்க் கோலமும் இல்லை, மினுக்கமும் இல்லை. அரத்தின் கீறல்களும் பென்சில் கோடும் அப்படியே தெரிந்தன. பழைய ஸ்குரூ பூசையில் இருந்ததால் ரெஜான் மேசை லாச்சியைத் துழாவிப் புதிதொன்று எடுத்தார். நாலு பத்துக்குப் படம் போனது.

“மடாம், இப்போது பிடித்துப் பாருங்கள்,” என்றார் ரெஜான். குண்டு இல்லை என்று இரண்டு தரம் திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தார். சிவமலர் சுவரைப் பார்த்து நின்று கையை நீட்டினார். கை நகரவில்லை. குழல் எழும்பவில்லை. கட்டைவிரல் நேராகப் போய்ச் சுத்தியலில் இருந்தது. இழுத்தபோது கிளிக் என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வசீகரன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே போகவில்லை.

மறுநாள் காலை பூசையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

“வால்நட்டைப் பூட்டுவீரே?” என்று வசீகரன் கேட்டார்.

“இல்லை. உது வடிவு. மற்றது என்ர கை.”

“அப்ப அதைக் கொண்டு வாரும், பொலிஷ் எண்டாலும் போட்டுத் தாறன்.”

“தொடாதேங்கோ,” என்றார் சிவமலர். வால்நட் பிடிகளைத் துடைத்து, சரஸ்வதி படத்துக்குக் கீழே திரும்பவும் வைத்தார். அவை இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன.

தடை அமுலுக்கு வந்தது ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. சிவமலரின் பெயரில் பதிவு மாறிய சான்றிதழோடு கடிதம் வந்தது 2022 ஒக்டோபர் 19, புதன்கிழமை.