முன்னறையில் ஹட்டன் ரயில்

எங்கள் வீட்டு முன்னறையில் சாப்பாட்டு மேசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதன்மேல் றொசல்ல ஸ்டேஷன் முதல் ஹட்டன் ஸ்டேஷன் வரை நான் போட்ட குட்டி ரயில் பாதை. எஞ்சின் உள்ளங்கை நீளம், பெட்டிகள் மூன்று. கல்யாணமான ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்று ஊரே கேட்டுவிட்டது. தேவைதான்.

போன தீபாவளிக்கு மனைவியின் அக்கா குடும்பம் வருவதாக இருந்தது. பலகையைத் தூக்கிவிட்டு மேசை போட்டே தீருவது என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு பந்தயத்துக்கு இறங்கிவந்தாள்.

"சனிக்கெழம காலையில ஓட்டிக் காட்டுங்க. கை வைக்காம, நடுவுல நிக்காம ஹட்டன் போய்ச் சேந்தா பலகை இருக்கட்டும். நின்னுச்சுன்னா வெறகுக் கொட்டகைக்குத்தான்."

சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். அதில் இருந்த வில்லங்கம் எனக்கல்லவா தெரியும். மலைச் சரிவில் தேயிலைச் செடி வேண்டுமென்று, குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துப் பசைபோட்டு ஒட்டியிருந்தேன். பார்க்க அத்தனை அழகு. ஆனால் எங்கள் ஊர் ஈரத்துக்கு அது ஊறி, உதிர்ந்து, தண்டவாளத்தில் பிசுக்காய்ப் படியும். பிசுக்கு ஏறினால் எஞ்சினுக்கு மின்சாரம் போகாது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து அழிறப்பரால் தண்டவாளத்தைத் தேய்த்தேன்.

சனிக்கிழமை எழுந்து பார்த்தால், மகராசி ஜன்னலை அகலத் திறந்து வைத்திருக்கிறாள். பனிமூட்டம் முழுக்க வீட்டுக்குள்.

"வேணும்னுதானே தொறந்த?"

"காத்து வரட்டும்னு தொறந்தேங்க."

மின்சாரம் விடுகிற குமிழைத் திருகினேன். ரயில் கிளம்பியது. வளைவு தாண்டி, பாலம் தாண்டி, மேட்டில் ஏறத் தொடங்கியது. ஹட்டனுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. குமிழை முழுக்கத் திருகியும் அசையவில்லை. பலகையின் ஆணிகளை எந்தப் பக்கத்திலிருந்து கழற்றுவது என்றே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அவள் குனிந்து, பலகையில் கன்னம் படுகிற மாதிரித் தலையைச் சாய்த்து, ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிக்னல் விழல" என்றாள். "ஹட்டனுக்கு வெளிய எந்த ரயிலுங்க நிக்காமப் போயிருக்கு?"

அவள் முந்தானை நுனியால் எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இப்ப விழுந்துருச்சு. ஓட்டுங்க."

தீபாவளியன்று அக்கா வீட்டார் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். ரயிலை ஓட்டியது அவள். அன்று முழுக்க எனக்குக் குமிழ் கிடைக்கவே இல்லை.