அப்பா மாற்ற வந்த பதில்

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. கோடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே நாங்கள் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது கடை ஓடியது அந்த வாயால்தான். என் அப்பாவை நான் தாலுகா ஆபீஸ் வரை துரத்திக்கொண்டு ஓட வேண்டி வந்ததும் அதே வாயால்தான்.

நாடாளுமன்றத் தேர்தல் வந்த கோடை அது. யாரோ படித்த பையன்கள் இன்டர்நெட்டில் ஒரு விளையாட்டு போட்டிருந்தார்கள். முதலில் பேர், வயது, தொகுதி கேட்கும். அப்புறம் இங்கிலீஷில் வரிசையாகக் கேள்விகள் வரும். விவசாயிக்கு இலவச கரன்ட் வேண்டுமா, அணு உலை வேண்டுமா, மது விற்கலாமா என்று. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, கருத்து இல்லை என்று மூன்று பொத்தான். முடித்தால், நம் தொகுதியில் நிற்கிற வேட்பாளர்களில் யாரோடு நமக்கு எத்தனை சதவீதம் பொருத்தம் என்று கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்த மாதிரி சொல்லிவிடும்.

வருகிறவர்களை எல்லாம் இவர் அதன் முன்னால் உட்காரவைத்தார். கரைவேட்டி கட்டிய டாக்சி டிரைவர் ஒருவருக்கு எதிர்க்கட்சி ஆளோடு அமோகப் பொருத்தம் வந்துவிட்டது. “ஏலே, ஒம் பொட்டிய அவய்ங்க வெலைக்கு வாங்கிட்டாய்ங்களாடா?” என்று அவர் கேட்க, கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்து பேர் வந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் கூட்டம் வந்ததால் பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த அப்பா, எங்களைப் பார்க்கக் கடைக்கு ஏறி வந்தார். அப்பாவும் அம்மாவும் அட்டுவம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்துகொண்டு, அங்கேயே லயத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் அதை லைன் வீடு என்பார்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்களுக்கு அது எப்போதும் லயம்தான்.

“வாங்க மாமா, இதுல ஒக்காருங்க. யாருக்கு ஓட்டுப் போடணும்னு இது சொல்லிரும்” என்று இவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எனக்கு என்னாத்துக்குங்க மருமகனே?”

“சும்மா ஒக்காருங்க. ரெண்டு நிமிசச் சோலிதான்.”

அப்பா தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முட்டி மேல் வைத்து உட்கார்ந்தார். அதைப் பார்த்தபோதே எனக்கு என்னவோ போல இருந்தது. தன் பேரைச் சொன்னார், வயதைச் சொன்னார். இவர் கேள்விகளைத் தமிழில் சொல்லச் சொல்ல, “இருக்கட்டுங்க”, “வேணாங்க” என்று அடங்கின குரலில் பதில் சொன்னார். பொத்தானை இவரே அமுக்கினார்.

நடுவில் ஒரு கேள்வி வந்தது. இலங்கைச் சண்டையை நிறுத்த இந்தியா தலையிட வேண்டுமா?

 அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கடையில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். வாசலில் நின்ற ஒரு போலீஸ்காரர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவரையும் பார்த்தார்.

“இல்லைன்னு போடுங்க” என்றார்.

முடிவில் யாரோ ஒரு வேட்பாளர் பேர் வந்தது. அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. “இந்தப் பதிலெல்லாம் எங்கங்க போவும்?” என்று கேட்டார்.

“இதுவா? நேரா டெல்லிக்குப் போவும் மாமா. உங்க பேரோட பதிஞ்சாச்சு. இனி அந்தக் கடவுளே வந்தாலும் அழிக்க முடியாது” என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

அப்பா காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். “வாயா அது, வாய்க்காலா? யாருகிட்ட என்ன பேசுறதுன்னு கெடையாதா?”

“இப்ப என்ன சொல்லிட்டேன்? சும்மா தமாசுக்குத்தானம்மா?”

இவர் பழனிக்காரர். பிறந்ததிலிருந்து இவரை யாரும் நீ எந்த நாடு என்று கேட்டதில்லை. எங்கள் ஆட்களைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாட்டு அரசும் எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது, அங்கே தோட்டத்து ஆபீசில் மேசை போட்டு, பேர், வயது கேட்டு, இந்தியாவா சிலோனா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அப்பா இந்தியா என்றார். பெரியப்பா சிலோன் என்றார். யாருக்கும் முழு விவரம் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்களாம். மாற்ற முடியவில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா என்கிற அறைகளில் இருந்தவர்களில் ஒருவர் கப்பல் ஏறினார், ஒருவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு கலவரத்தில் அடிபட்டு, பெரியப்பா குடும்பம் மலையை விட்டு வன்னிப் பக்கம் போய்விட்டது. சண்டை நடந்துகொண்டிருந்தது அந்த வன்னியில்தான். தை மாதத்திலிருந்து அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. டிவியில் செய்தி வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

இதெல்லாம் இவருக்கும் தெரியும். நான் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு, “அடடா” என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டார். சொந்த வலி இல்லையென்றால் அப்படித்தான்.

மறுநாள் காலையில் கடை திறந்த கையோடு போன் வந்தது. தோட்டத்து வாட்ச்மேன் போனிலிருந்து அம்மா.

“ஒங்கப்பா அங்க வந்தாரா?”

“இல்லையே. ஏம்மா?”

“வெள்ளனே கெளம்பிட்டாரு ஆயி. ராத்திரி பூரா தூங்கல. பாஸ்போட்டு, குடும்ப அட்ட, அல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு தாலுகா ஆபீசுக்குப் போறேன்னாரு. கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு.”

 அந்த மாதம் முழுக்க மப்டியில் போலீஸ் ஆட்கள் வந்து, யார் யாருக்குச் சிலோனில் சொந்தம் இருக்கிறது என்று லயம் லயமாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒருத்தரும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பா போய் அதிகாரி முன்னால் நின்று, ஐயா, சிலோன் சண்டையைப் பற்றி நான் ஒரு பதில் சொல்லிவிட்டேன், டெல்லிக்குப் போயிருக்கிறது என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? அண்ணன் வன்னியில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் போதும்.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. “நானும் வாரேன்” என்றார். “நீங்க வாயத் தொறக்காம கடையில இருங்க, அதுவே பெரிய உபகாரம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சீசன் கூட்டம். ஏழுரோட்டில் வண்டிகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோ எதுவும் நகரவில்லை. நடந்தேன், ஓடினேன். மக்காச்சோளம் தின்றுகொண்டு ரோட்டை அடைத்து நின்றவர்களை எல்லாம் இடித்துத் தள்ளினேன். ஒருத்தி திட்டினாள். திட்டட்டும். அப்பா பேச ஆரம்பிக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், வேறு நினைப்பே இல்லை.

தாலுகா ஆபீஸ் தேர்தல் வேலையில் அல்லோலகல்லோலப்பட்டுக் கிடந்தது. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். உள்ளே ஒரு மேசைக்கு முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். தலைத்துண்டு கக்கத்தில் இருந்தது. பையிலிருந்த எல்லாவற்றையும் மேசை மேல் எடுத்து வைத்திருந்தார். குமாஸ்தா பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“சிலோன்காரரா? என்ன விசயமா வந்தீக?”

“அது வந்துங்க ஐயா...”

“அப்பா, வாங்க போகலாம்.” நான் போய்க் கையைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. “சார், அவருக்குக் கொஞ்சம் சொகமில்லைங்க. மனசு சரியில்லாம இப்பிடித்தான் எங்கயாவது வந்துர்றாரு.”

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். வாசலில் இருந்த போலீஸ்காரர் ஒருவரும் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பா என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

“நா நல்லாத்தான் இருக்கேனுங்க” என்றார். “நேத்து கம்பூட்டர்ல ஒரு கேள்வி கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டேன். அத ஆமான்னு மாத்தணுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

 தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்றல்லவா நான் நினைத்து ஓடி வந்தேன். பயந்துபோய் அவர் சொன்னது அந்த ‘இல்லை’தான். அதை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார்.

“என்ன கேள்வி?” என்றார் குமாஸ்தா.

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து யாரோ ஓட்டுப்பெட்டி வண்டி வந்துவிட்டது என்று சத்தம் போட்டார்கள். குமாஸ்தா பாஸ்போர்ட்டை மூடி எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். “திருத்தம் எதுவும் இப்பச் செய்ய முடியாது பெரியவரே. எலெக்சன் முடியட்டும், வாங்க” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.

நான் எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவை வெளியே கூட்டி வந்தேன். கேட்டைத் தாண்டுகிற வரை திரும்பிப் பார்க்கவில்லை. தாண்டியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அது வெறும் வெளையாட்டுப்பா. யாரும் பாக்க மாட்டாங்க. அதுக்குப் போயி உசுரக் குடுத்துட்டு இங்க வந்து நிக்கிறீங்களே” என்று நடுரோட்டில் கத்தினேன்.

“வெளையாட்டுன்னா என்னா ஆயி? கேட்டது என்னையத்தான? அண்ணன வுட்டுட்டு வந்தவன், இப்ப அவரச் சாவட்டும்னும் சொல்லிட்டேன்.”

நான் அழுதுவிட்டேன். அப்பா அழவில்லை.

கடைக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். “மாமா, மன்னிச்சுக்கங்க” என்றார். கடையில் இருந்த இரண்டு பேரைக் கும்பிட்டு வெளியே அனுப்பிவிட்டு, அதே பக்கத்தைத் திறந்தார். “பேரு வேணாம் மாமா. பேரு போடாமயும் பண்ணலாம்.”

“இல்லீங்க, போடுங்க. எங்கப்பா பேரையும் சேத்துப் போடுங்க.”

இவர் என்னைப் பார்த்தார். போடுங்கள் என்று தலையசைத்தேன். தாத்தா பேரையும் சேர்த்து அடித்தார். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அப்பா கருத்து இல்லை என்றார். அந்தக் கேள்வி வந்ததும், எந்தப் பொத்தான் என்று கேட்டு, மவுசைப் பிடித்துத் திரையிலிருந்த அம்பைத் தானே நகர்த்தினார். பழக்கமில்லாததால் அது நழுவி நழுவிப் போனது. யாரும் உதவிக்குப் போகவில்லை. அமுக்கினார்.

வேட்பாளர் பேர் வந்தது. அப்பா அதைப் பார்க்காமல், மேலே இருந்த தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிட்டும் இது தெரியுங்களா?” என்று கேட்டார். “அண்ணன் பாத்தா, எங்கப்பா பேர வச்சு நாந்தான்னு கண்டுக்குவாரு.”

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அந்த வன்னிக் காட்டில் அன்றைக்குக் கரன்டே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

“தெரியும்ப்பா” என்றேன்.