பிரிண்டர் வாயில் செருகிய கேசட்

அந்தக் கேசட்டின் பின்பக்கத்தில் எதற்குப் பிரிண்டர் வாய் இருக்கிறது என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டில், வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் சாமான்களை வாங்கி விற்கும் ஒரு பாய் கடை இருந்தது. சிடி போட்டு ஆடும் பழைய டிவி கேம் ஒன்றை அங்கே எனக்கு அண்ணன் வாங்கித் தந்தான். நான் அப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடும்போது பாய் ஒரு கறுப்புக் கேசட்டையும் உள்ளே போட்டார். கேட்காமலே போட்டார். கேட்காமல் யாராவது ஒன்றைக் கொடுத்தால் எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிடும். என்ன இது என்று கேட்டேன். டிவி கேமின் முதுகில் செருக வேண்டும், செருகினால் ஆட்டத்தில் உயிரே போகாது, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார். அப்படியானால் ஏன் சும்மா தருகிறார்?

கேசட் சொன்னபடி வேலை செய்தது. ஆட்டத்தில் நமக்கு இருக்கும் உயிர்களின் எண்ணிக்கையை டிவி கேம் தன் நினைவில் எங்கோ ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கும். கேசட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் எந்த ஆட்டத்தில் எந்த இடம் என்பதை யாரோ முன்பே கண்டுபிடித்துக் கேசட்டில் போட்டிருக்க வேண்டும். அதன் முதுகிலிருந்த வாய்க்குக் காரணம் அதுதான் என்று காந்திபுரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அந்த வாயிலிருந்து கம்ப்யூட்டரின் பிரிண்டர் வாய்க்கு ஒரு கேபிள் போட்டால், டிவி கேமின் நினைவு முழுவதையும் கம்ப்யூட்டர் திரையில் பார்க்கலாம். அந்த இடத்தை நாமே தேடலாம். அதற்கான புரோகிராமை ஃபிளாப்பியில் ஏற்றும்போது சென்டர்காரர் என் தலைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். வைரஸ் கொண்டுவந்தேனா, கொண்டுபோகிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இல்லை. கருமத்தம்பட்டியில் வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்கூடம் இருந்தது. அதன் முன்னறைதான் ஆபீஸ், கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. பிரிண்டரில் அடித்த பில் கொடுத்தால் வியாபாரிகள் பேசாமல் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதற்காக மட்டும் அப்பா அதை வாங்கியிருந்தார். மற்றபடி அவருக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது. என்றைக்குப் பில் அடிக்கவில்லையோ அன்றைக்கு அது பல்லடத்துக்குப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். பல்லடத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி, கோழிப்பண்ணை வைத்திருந்தார். தீவனக் கணக்குப் பார்க்க அந்தக் கம்ப்யூட்டரின் மேல் அவருக்கு ஒரு கண். போய்விட்டால் எனக்குக் கல்லூரி லேப்தான். வாரத்துக்கு ஒருதரம், மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்.

எங்கள் இடத்தில் இரண்டு மீட்டர். வீட்டுக்கு ஒன்று, தறிக்கு ஒன்று. வீட்டுச் சாமான் எதையும் தறி லைனில் போடக்கூடாது என்பதை அப்பா சாமி காரியம்போலக் கடைப்பிடித்தார். தறி லைனில் ஒரு மிக்ஸி ஓடினாலும் ஈ.பி.க்காரர்கள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது அவர் பயம். அதனால் டிவியையும் டிவி கேமையும் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அண்ணன் வழக்கப்படி வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்து அவற்றுக்குக் கரண்ட் கொடுத்தான். கம்ப்யூட்டர் தறி லைனில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஈயம் பற்றவைத்துத் தயார் செய்திருந்த கேபிளின் ஒரு முனையைக் கேசட்டில் செருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டர் அருகே கொண்டுபோனேன். சுரீரென்று ஒரு பொறி. நீலமாக, கடுகளவு. அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் ஓடியது, டிவி கேமும் ஓடியது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அறியவே இல்லை. கேபிளைக் கழற்றிவிட்டுப் பழையபடி பிரிண்டரை மாட்டினால் அதுவும் அசையவில்லை.

அண்ணன் அது வைரஸ் என்றான். அப்பா கேசட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது நம்ம பில்லையெல்லாம் உறிஞ்சி எங்கியாச்சும் அனுப்பிப்போட்டுதா?"

அனுப்ப எங்கள் கம்ப்யூட்டரில் டெலிபோன் இணைப்பே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மாமாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

எனக்குப் பாய் மேல்தான் சந்தேகம். ஏதோ பழுதான சரக்கை என் தலையில் கட்டியிருக்கிறார். மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் நேரே கோட்டைமேட்டில் இறங்கினேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேசட்டை உற்றுப் பார்த்து, தான் கொடுத்தது இதுதானா என்று கேட்டார். அவர் தந்ததை வைத்துக்கொண்டு கெட்டுப்போன வேறொன்றைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். கடையிலிருந்த டிவி கேமில் அதைச் செருகி என் முன்னாலேயே ஆடிக் காட்டினார். உயிர் குறையவே இல்லை.

"பாத்தீங்களாம்மா? நல்லாத்தான் இருக்குது. உங்க ஊட்டுல என்ன பண்ணுனீங்களோ, அத மொதல்ல பாருங்க."

அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஆகவே அந்தப் பின்வாய் நல்லதா கெட்டதா என்று அங்கே தெரிய வழியில்லை. அதையும் அவருக்குச் சாதகமாகவே விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லைதான். ஆனால் அவினாசி ரோட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவர் சொன்ன கடைசி வார்த்தை குடைந்தது. எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, வேறெங்கும் இல்லாதது?

வந்ததும் எல்லாவற்றையும் பழையபடி மாட்டச் சொன்னேன். கேபிளை மட்டும் செருகவில்லை. அண்ணனின் டெஸ்டரை வாங்கி, அதன் நுனியைக் கம்ப்யூட்டரின் தகரத்திலும், கிளிப்பை டிவி கேமின் பின்னாலிருந்த உலோகத்திலும் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. வீட்டு லைனை எடுத்துவிட்டு டிவி கேமையும் தறி லைனிலேயே மாட்டிப் பார்த்தேன். எரியவில்லை. கரண்ட் கசிவது இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு மீட்டர், வேறு வேறு ஃபேஸ். இரண்டையும் என் கேபிள் போய்ச் சந்திக்க வைத்துவிட்டது, கம்ப்யூட்டரின் பிரிண்டர் வாய் கருகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். லைனின் மேல் பழி போடாதே என்றார். காலங்காலமாக இந்த வளவில் இப்படித்தான் இருக்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்றார். அதற்குள் அண்ணன் காந்திபுரத்திலிருந்து புதுப் பிரிண்டர் வாய் உள்ள கார்டு ஒன்று வாங்கிவந்து கம்ப்யூட்டருக்குள் மாட்டினான். பில் அடித்தது. அப்பா அந்தத் தாளையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

"இன்னைக்கு ஓடுது, செரி. நாளைக்கு மறுக்கா போச்சுன்னா? கேசட்டு கெடுத்துச்சா லைனு கெடுத்துச்சான்னு தெரியாம இத நான் ஊட்டுல வெச்சிருக்க மாட்டேன்."

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே லைனில் போட்டு மறுபடி கேபிளைச் செருகிப் பார்த்துவிடலாம் என்றேன். பிரிண்டர் பிழைத்தால் கம்ப்யூட்டர் இங்கே. செத்தால் பல்லடம். அவர் எழுந்துபோய் இரண்டு மீட்டரையும் ஒருதரம் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, அன்றைக்கு மாமா வருவதற்குள் பார்த்துவிடு என்றார். தறி லைனில் டிவி. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டைச் சாத்திவிட்டு அப்பா அங்கேயே நின்றுகொண்டார். ரோட்டில் எந்த ஜீப் போனாலும் ஈ.பி. ஜீப்பாகவே தெரிந்திருக்க வேண்டும். அண்ணனை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். கேபிளைச் செருகினேன். பொறி இல்லை. புரோகிராமைத் திறந்ததும் திரை முழுக்க எண்கள் கொட்டின. டிவி கேமின் நினைவு. பாயின் மேலிருந்த சந்தேகத்தைப் பாதி விட்டேன்.

தேடும் விதம் எளிது. உயிர் ஐந்து இருக்கும்போது ஐந்து இருக்கிற இடங்களையெல்லாம் தேடச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கில் வரும். ஒரு உயிரை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அவற்றில் நாலாகக் குறைந்தது எது என்று கேட்க வேண்டும். சட்டென்று சுருங்கும். இப்படியே விட்டு விட்டுத் தேடினால் கடைசியில் ஒன்று மாட்டும்.

"சிக்குச்சா?" கேட்டிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

இன்னும் நிறைய இருக்கிறது என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார். எத்தனைக்கு வந்திருக்கிறது என்று அடுத்து. நாலுபேரில் ஒருவன் என்றதும் கேட்டை விட்டு இரண்டடி உள்ளே வந்து, நாலு பேரும் என்ன சொல்கிறார்கள் என்றார். இன்னொரு உயிரை விட்டேன்.

அப்போதுதான் வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. அப்பா கையை வீசினார். அண்ணன் மெயினை இழுத்துவிட்டான். டிவி, டிவி கேம், கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

கேட்டைத் தட்டியது மாமா. பின்னால் அவருடைய தீவன வண்டி நின்றது. கம்ப்யூட்டரை வைக்கப் பழைய சாக்குகளை மெத்தைபோல விரித்துக்கொண்டு வந்திருந்தார். சாத்திய கேட்டையும், இருண்ட ஆபீஸையும், வேர்த்த எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னவோ நடக்குது போலிருக்கே என்றார். பிரிண்டர் உயிரோடு இருக்கிறதா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க," என்றார் அப்பா. "இது மேல எனக்கு இன்னும் சந்தேகம் தீரலீங்க. உங்க பண்ணைக்கு வந்து கோழிக்கு ஏதாச்சும் ஆயிப்போட்டா, உங்க அக்காகிட்ட நான் என்ன பதில் சொல்றது? இங்கயே கெடக்கட்டும்."

மாமா அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் காபி குடித்துவிட்டு, சாக்குகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

வண்டிச் சத்தம் மறைந்ததும் அண்ணன் மெயினைப் போட்டான். ஒழுங்காக அணைக்காமல் விட்டதால் கம்ப்யூட்டர் உடனே திறக்காமல், நீலத் திரையில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளத் தொடங்கியது. ஒரு மஞ்சள் பட்டை மெல்ல நகர்ந்தது. அப்பா உள்ளே வந்து என் பின்னால் நின்றார்.

"இப்ப இது எதைக் கண்ணு தேடுது?"

"உள்ள எங்கியாச்சும் தப்பு நடந்திருக்குதான்னு பாக்குதுங்கப்பா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.