வாடகைத் திரை

கொல்கத்தாவில் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புகார் கொடுத்தவள் பெஹாலாவில் வீட்டு வேலை செய்த தமிழ்ப் பெண், வங்காளம் தெரியாது. நெடுநெடுவென்று வளர்ந்தவள், கோர்ட்டுக்குள் நுழைந்ததும் என் தோளுயரத்துக்குக் குறுகிவிடுவாள். யார் எதைக் கேட்டாலும் சேலைத் தலைப்பை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டுதான் பதில் சொல்வாள்.

இப்படிப் புகார் கொடுக்கும் பெண்களை இங்கே கோர்ட்டுகளில் நடத்தும் விதத்தை வெளிநாடுகளில் கண்டித்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு குழு கோர்ட்டைப் பார்க்க வந்த வாரம், அவளுக்கு நாற்காலி போட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் அவள் கண்ணில் படாதபடி மஞ்சள் துணியில் திரை கட்டினார்கள். சட்டப்படி எப்போதும் இருக்க வேண்டிய திரைதான். அன்று அவள் தலைப்பை விட்டுவிட்டு, நடந்ததில் பாதியைச் சொன்னாள்.

அடுத்த விசாரணையில் திரையும் இல்லை, நாற்காலியும் இல்லை. கோர்ட் குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் டெக்கரேட்டர் கடையில் வாடகைக்கு எடுத்தது, தீதி. துர்கா பூஜைப் பந்தலுக்குப் போய்விட்டது" என்றார்.

கூண்டிலிருந்தவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் கத்தவில்லை என்று அவனுடைய வக்கீல் கேட்டார். அதை நான் தமிழில் கேட்டேன். அவள் விரலில் தலைப்பு இறுகியது.

"அந்த வெளிநாட்டுக்காரங்க திரும்ப எப்பக்கா வருவாங்க?"

"தெரியலம்மா."

"அப்ப மிச்சத்த அன்னிக்குச் சொல்றேன்."

என்ன சொல்கிறாள் என்று நீதிபதி கேட்டார். ஒரு சொல் விடாமல் வங்காளத்தில் சொன்னேன்.

"சாட்சி பதில் சொல்லவில்லை" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.